தொட்டியில் ஊற்றிய தீர்த்தம்

தேவாரத்திற்கு மேற்கே மலையடிவாரத்தில் அமைந்த அச்சிற்றூரின் குடிநீர் நிலையத்தைப் பராமரிப்பவள் முனீஸ்வரி. ஊரின் ஆழ்துளைக் கிணற்று நீர் பிள்ளைகளின் பற்களில் காவியேறச் செய்திருந்தது. அந்நீரை வடிகட்டித் தரும் இயந்திரத்தை ஊரார் நம்புவதற்குள் அவளுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

காளியம்மன் பொங்கலன்று காலையில், வடிகட்டிய நீர் சேரும் தொட்டியின் மூடி விலகியிருப்பதைக் கண்டு அவள் ஏணியில் ஏறினாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். நீரின்மேல் வேப்பிலைகள் மிதந்தன.

செய்தவர் யார் என விசாரிக்கத் தேவையில்லை. பொங்கலன்று விடியற்காலையில் மலையோடையிலிருந்து வேப்பிலையிட்ட தீர்த்தம் எடுத்து வந்து, ஊரார் இறைத்துக் குடிக்கும் பழைய கிணற்றில் ஊற்றுவது பூசாரி பேச்சிமுத்துவின் முறை. அம்மன் தண்ணீர் அன்று எல்லார் தொண்டையையும் நனைக்க வேண்டும். கிணற்றையோ சென்ற ஆடியில் பலகைக்கல்லிட்டு மூடிவிட்டார்கள். ஊர் குடிக்கும் தண்ணீர் இப்போது இத்தொட்டியில்தானே இருக்கிறது? பூசாரி முறை தவறாதவர்.

ஆனால் வடிகட்டிகள் யாவும் இத்தொட்டிக்கு முன்பே முடிந்துவிடுகின்றன. இதற்கப்பால் வெறும் குழாய்தான். ஓடைக்கு மேலேயுள்ள தோட்டக் குடிசைகளில் மஞ்சள் காமாலை பரவியிருப்பதாகவும், ஓடைநீரை வாயில் வைக்கவேண்டாமென்றும் செவிலியர் சொல்லிச் சென்று ஒரு வாரங்கூட ஆகவில்லை. திருநாள் என்பதால் ஊரில் பாதிப்பேர் விடிந்ததுமே கேன்களை நிரப்பிச் சென்றிருந்தனர்.

முனீஸ்வரி குழாயை அடைத்தாள். கேனோடு வந்த பஞ்சம்மாள் வழியை மறித்தாள்.

"ஏத்தா, நல்ல நாளும் அதுவுமா கொழாய அடைக்கிற? மாமியாகிட்டச் சண்டையா?"

"அத்தே, காலையில பிடிச்ச தண்ணிய யாரும் குடிச்சீகளா?"

"பொங்க எறக்குற மட்டும் பெரியவுக எவுக பச்சத்தண்ணி குடிப்பாக? பிள்ளைகளுக்கு என்ன வெரதம்? எந்திரிச்சதும் மடக்கு மடக்குன்னு குடிக்குங்க."

முனீஸ்வரி மேற்கொண்டு நிற்கவில்லை. ஒவ்வொரு வாசலைக் கடக்கும்போதும் உள்ளே ஒரு பிள்ளை பாயைவிட்டு எழுந்து டம்ளரைத் தேடுவதாகவே அவளுக்குத் தோன்றியது. வீடு வீடாகச் சொல்ல நேரமில்லை. ஊர் முழுவதும் கேட்கும் மைக்கோ கோயிலில், பூசாரியின் கையில் இருந்தது.

அவள் சொன்னதைக் கேட்டதும் பேச்சிமுத்துவின் முகம் கறுத்தது.

"ஆத்தா தீர்த்தத்துல கிருமியா? மெசினு வந்ததும் அவ தண்ணி அழுக்காப் போச்சோ?"

"ஆத்தாளச் சொல்லல மாமா. மேல காமாலைக்காரக அந்த ஓடையிலதான் குளிக்கிறாக."

"வருசா வருசம் ஊத்துறேன். எவனுக்கு என்ன வந்துச்சு?"

பொங்கலுக்கு அடுப்புக் கூட்டிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தனர். இன்று இவரை அவமதித்தவள் எனப் பெயரெடுத்தால் நாளை ஒரு குடமும் நிலையத்துப் பக்கம் வராது என்பதை முனீஸ்வரி அறிவாள். ஆயினும் அவள் குரல் இறங்கவில்லை.

"பிள்ளைக குடிச்சு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போனா, பழிய யாரு சொமக்குறது? நீங்களா, ஆத்தாளா?"

பேச்சிமுத்து அவளையே பார்த்தார். "கொதிச்சாக் கிருமி செத்துருமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நல்லாக் கொதிச்சாச் செத்துரும்."

அவர் மைக்கை வாயருகே கொண்டுசென்றார். "தாய்மாரே, தீர்த்தம் கலந்த தண்ணிய யாரும் பச்சையாக் குடிக்கப்படாது. பிள்ளைகளுக்கும் குடுக்கப்படாது. பூராத்தையும் பொங்கப் பானையில ஊத்துங்க. ஆத்தா கேக்குறா." சொல்லிவிட்டு மைக்கை அணைக்கப் போனார்.

"காரணத்தையும் சொல்லுங்க மாமா. ஏற்கெனவே குடிச்ச பிள்ளைய எப்படிக் கண்டுபிடிக்க?"

அவர் மைக்கை மீண்டும் வாயருகே கொண்டுவந்தார். பிறகு, "ஓடைத் தண்ணியில காமாலை இருக்காம். தெரியாம ஊத்திப்புட்டேன். குடிச்ச பிள்ளைக இருந்தா இங்கன கூட்டியாங்க" என்றார்.

கேன்கள் வந்தன. பானைகள் நிறைந்தன. எந்தப் பிள்ளையும் வரவில்லை. முனீஸ்வரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அந்நேரத்தில் பூசாரியின் மருமகள் கிருபாவதி, இடுப்பில் மகளோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"மாமா... தீர்த்தமாச்சேன்னு மொதல்ல இவளுக்குத்தான் குடுத்தேன். ரெண்டு டம்ளரு."

பேச்சிமுத்து பேத்தியை வாங்கி, விபூதி படிந்த விரலால் அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். "வெள்ளையாத்தானே இருக்கு? நீ பாரு தாயி."

"இப்பத் தெரியாது மாமா. வாரக்கணக்குல ஆகும். மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க."

பின்னால் முதற்பானை பொங்கி வழிந்தது. பெண்கள் குலவையிட்டனர். மணியடிக்க வேண்டியவர், பேத்தியின் மற்றொரு கண்ணையும் வெளிச்சத்தின் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.