வால்வில் செருகிய கருவேலங்கட்டை

எங்கள் பக்கம் காற்று நிற்கவே நிற்காது. தொப்பி பறக்கும், கதவு அடிக்கும், சோற்றில் மண் விழும். அதைத் திட்டிக்கொண்டே முப்பது வருடம் ஓட்டிவிட்டேன். அந்தப் பிப்ரவரி செவ்வாய்க்கிழமை காலை அது நின்றிருந்தது. ஜன்னலுக்கு வெளியே கொடிக்கயிற்றில் துணிகள் ஆடாமல் அசையாமல் தொங்கின. காபியைக் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

நானும் என் புருஷன் ஹாய்ட்டும் பெக்கோஸ் ஆற்றுக்குக் கிழக்கே பதினான்கு எண்ணெய்க் கிணறுகளைப் பார்த்துக்கொண்டோம். எல்லாம் கிழட்டுக் கிணறுகள். நூறு பீப்பாய் மேலே வந்தால் எண்ணெய் நான்கு தேறும், மிச்சம் உப்புத் தண்ணீர். கூடவே அழுகிய முட்டை நாற்றத்தில் ஒரு விஷ வாயு. மூன்றையும் பிரித்து, வாயுவைக் குழாய்க்கும் எண்ணெயையும் தண்ணீரையும் தனித்தனித் தொட்டிகளுக்கும் அனுப்ப ஒரு இரும்பு உருளை இருந்தது. அதற்கு என் வயது இருக்கும். என்னைவிட மோசமாக முனகும்.

அதன் தண்ணீர் வால்வில் ஓயாமல் மணல் அடைக்கும். பதினைந்து வருடம் முன்பு ஹாய்ட் கருவேல மரத்தில் அரைச் சாண் கட்டை ஒன்றைச் செதுக்கி, வால்வின் கைப்பிடிக்கு அடியில் செருகினான். வால்வு கொஞ்சம் திறந்தபடியே நிற்கும், தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும், மணல் தங்காது. கட்டை விழுந்து கிடந்தால் அந்தப் பக்கம் போகிறவர் எடுத்துச் செருகிவிடுவோம். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. வீட்டில் எரிகிற விளக்கை யாரோ ஒருவர் அணைப்பதில்லையா, அப்படித்தான்.

கம்பெனிக்கு ஒருநாள் ஞானம் பிறந்து, புது உருளை வாங்கினார்கள். பளபளவென்று, பழையதைப் போல மூன்று பங்கு பெரியது. லுஹான் என்பவன் ஆட்களோடு வந்து ஐந்து நாளில் பொருத்தினான். தொட்டிகளையும் உருளையையும் சுற்றிய வேலியின் வாசலில் காற்றின் திசை காட்ட ஒரு துணிப்பையையும் கம்பத்தில் கட்டினான். புது மெஷினை முதலில் கெடுக்கப்போவது யார் என்று ஹாய்ட் என்னிடம் பந்தயம் கட்டினான். தோற்றவர் ஒரு மாதம் பாத்திரம் கழுவ வேண்டும். நான்தான் கெடுப்பேன் என்று ஊரெல்லாம் வேறு சொல்லிவைத்திருந்தான்.

திங்கட்கிழமை மதியம், ஹாய்ட் வேறு கிணற்றுப் பக்கம் போயிருந்தபோது, அதை ஓடவிட்டார்கள். லுஹானின் ஆட்கள் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, நான் போய்ப் பழைய கட்டையைப் புது உருளையின் தண்ணீர் வால்விலும் செருகினேன். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது. லுஹான் பார்த்துவிட்டான். அத்தனை ஆட்கள் முன்னாலும் என்னிடம் நேராக வந்தான்.

“வில்டாம்மா, இது பழைய டப்பா இல்ல. இதுல அழுத்தம் நாலு மடங்கு. தண்ணி முழுசா வடிஞ்சதுன்னா, பின்னாடியே வாயு தண்ணித் தொட்டிக்குள்ள பூந்துரும். அப்புறம் மேல ஏறி மூடியத் தெறக்கறவன் உசுரோட எறங்க மாட்டான்.”

எனக்குச் சுருக்கென்றது. நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே நான் இந்த நாற்றத்தில் கிடக்கிறேன் என்று நன்றாகவே கொடுத்தேன். அவன் கோபப்படவில்லை. ஹாய்ட்டிடமும் மறக்காமல் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டான். கட்டையைப் பிடுங்கித் தரையில் எறிந்தேன். அங்கேயே கிடந்தது.

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது புது மெஷின் எப்படி என்று ஹாய்ட் கேட்டான். ஓடுகிறது என்றேன். முதல் நாளே நான் திட்டு வாங்கிய கதை தெரிந்தால் கோடைக்காலம் வரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ரொட்டியை மென்றுகொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கே அவன் தொட்டிகள் பக்கம் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பக்கத்துக் கிணறுகளுக்குப் போய்விட்டான். நான் தெற்குக் கோடியில் இருந்தேன். ஒன்பது மணிக்குப் போன் வந்தது. தொட்டிகளுக்குத் திரும்பி வந்திருந்தான்.

“வில்டா, உன் புது டப்பா சரியான வேலைக்காரிடி. வாடையே இல்ல. வாசல்கிட்ட வரும்போது லேசா அடிச்சுது, இப்ப சுத்தமா இல்ல. தண்ணில எவ்ளோ எண்ணெய் தப்பிச்சு வருதுன்னு மூடியத் தெறந்து பாக்கறேன்.” படியேறும் சத்தம் கேட்டது. மூச்சு வாங்கச் சிரித்தான். “கட்டையக் கீழ போட்டுட்டுப் போயிட்ட பாரு, கெழவி. காலைல நான்தான் செருகினேன். இந்த மாசம் பாத்திரம் உனக்குத்தான்.”

நான் வாய் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டான். திரும்ப அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

அந்த வாயு கொஞ்சமாக இருந்தால் நாறும். அதிகமானால் மூக்கைச் செத்துப்போகச் செய்யும், வாடையே தெரியாது. இங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் இது பாடம். ஹாய்ட் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான். பூட்டு போட்ட மாதிரி மூடிய மெஷின், அதனால்தான் நாறவில்லை என்று நினைத்துவிட்டான்.

மூன்று மைல். வண்டியை எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை. போகும்போதே லுஹானைக் கூப்பிட்டேன். காற்றுச் சிலிண்டரும் முகமூடியும் அவனிடம்தான் இருந்தன. இருபத்தைந்து நிமிடம் ஆகும், நான் வருகிற வரை உள்ளே கால் வைக்காதீர்கள் என்றான்.

வாசலில் இறங்கியதுமே என் சட்டைக் காலரில் இருந்த வாயு அலாரம் கத்தியது. ஹாய்ட்டின் அலாரம் அவன் வண்டிக் கண்ணாடியில் தொங்கியது. சும்மா சும்மா கத்துகிறது என்று எப்போதும் கழற்றி அங்கேதான் மாட்டுவான். அவன் தொட்டிகளின் மேல் நடைபாதையில் குப்புற விழுந்திருந்தான். ஒரு கை கம்பிக்கு வெளியே நீண்டிருந்தது. அளக்கிற நாடா கையிலிருந்து நேராகக் கீழே தொங்கியது. கம்பத்தில் துணிப்பையும் அப்படியே தொங்கியது.

இருபது படிகள்தான். ஏறினால் அவனைத் தொட்டுவிடலாம். தொட்ட பிறகு நானும் அங்கேயே கிடப்பேன் என்று தெரியும். உருளை வேலியின் மறு ஓரத்தில், தொட்டிகளிலிருந்து தள்ளி இருந்தது. வேலியைச் சுற்றி ஓடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்து கட்டையைப் பிடுங்கினேன். வால்வு டக்கென்று மூடியது. குழாயில் இரைந்துகொண்டிருந்த சத்தம் நின்றது. வெளியே ஓடி வந்து மண்ணில் விழுந்து மூச்சு விட்டேன்.

பிறகு நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். ஹாய்ட், ஹாய்ட் என்று கூப்பிட்டேன். அந்தக் கை அசைகிறதா என்று பார்த்தேன். ஒரு தரம் அசைந்த மாதிரி இருந்தது. காற்றே வராத அந்த வானத்தைத் திட்டினேன், கெஞ்சினேன்.

லுஹான் வந்தான். முகமூடியை மாட்டிக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறினான். குனிந்தான். கழுத்தில் கை வைத்தான். வெகுநேரம் வைத்திருந்தான். அப்புறம் அந்த நாடாவைச் சுருட்டி ஹாய்ட்டின் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒவ்வொரு படியாக மெதுவாக இறங்கி வந்தான்.

வாசலுக்கு வந்து முகமூடியைக் கழற்றினான். என் முகத்தைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தான்.

“ஹாய்ட்கிட்ட சொன்னீங்கதானே, வில்டாம்மா?”

அப்போதுதான் கட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்தேன். அதை அவனிடம் நீட்டினேன்.

“சிரிப்பாருன்னுதான் சொல்லல,” என்றேன்.