அதனால்

ஒத்திகை முடிந்து ஒவ்வொருவராக விடைபெற்றுப் போன பிறகும் திரையில் இரண்டு கட்டங்கள் மிச்சமிருந்தன. ஒன்றில் அவளுடைய முகம். இன்னொன்று வெறும் கறுப்பு. அதில் 'நிர்வாகம்' என்று எழுதியிருந்தது. அந்தக் கறுப்புக் கட்டத்துக்குச் சொந்தக்காரன் வெகுதூரத்தில் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம், கூடத்துச் சாப்பாட்டு மேசையில் இரண்டு மடிக்கணினிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அவளுடைய தம்பி.

"அக்கா, போயிடாத. ஒரு நிமிஷம்" என்றான்.

இணைப்பில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தாள். கொஞ்ச காலமாக அவர்களுக்குள் பேச்சென்றால் அது ஒன்றுதான். நாவலிலும் சிறுகதையிலும் கதைப்பின்னல் பற்றி ஓர் இணையவழிக் கருத்தரங்கு நடத்த வேண்டும் என்று அவளும் கணக்கு வாத்தியாரும் பேச ஆரம்பித்ததிலிருந்து வீடு அவளுக்கு வீடாக இல்லை. கணக்கு வாத்தியார் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். துப்பறியும் கதைகள் எழுதுகிறவர். அவர் கதையில் தக்க காரணம் இல்லாமல் ஒருவரும் சாக மாட்டார்கள். கருத்தரங்குக்குக் 'கதைக்கணக்கு' என்று பெயர் வைக்கலாம் என்றார். டியூஷன் என்று நினைத்து யாரும் வரமாட்டார்கள் என்று சொல்லி அவரை வழிக்குக் கொண்டுவருவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பிறகு நேரம். ஒரு நாட்டுக்காரர் பல் துலக்கும் நேரத்தில் இன்னொரு நாட்டுக்காரர் பாயைத் தட்டிப் போடுவார். பிறகு போஸ்டர். அச்சகத்தில் பக்கம் வடிவமைப்பதுதான் அவள் பிழைப்பு என்பதால் போஸ்டர் போடுவது இடதுகை வேலை. ஆனால் யார் படம் யார் படத்தைவிட ஒரு நூல் பெரிது என்பதில் அவள் தலைதான் உருண்டது. தனக்கு முன்னாலும் யாரும் பேசக்கூடாது, பின்னாலும் யாரும் பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு ஒரு மூத்த நாவலாசிரியர் சம்மதித்திருந்தார்.

இந்த அமளியில் யாரும் கேட்காமலே தோள் கொடுத்தவன் தம்பி. பகலெல்லாம் கைபேசி பழுதுபார்க்கும் கடையில் குனிந்திருந்துவிட்டு வந்து, ஒவ்வொரு பேச்சாளரையும் தனித்தனியாக அழைத்து, எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தான். காணொளி என்பது மறந்துபோய்க் கைபேசியைக் காதில் வைத்துப் பேசிய மூத்த நாவலாசிரியரின் காதை வெகுநேரம் பார்த்தபடி, முகம் சுளிக்காமல், "ஐயா, அப்படியே கொஞ்சம் முன்னாடி பிடிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அதிகம் பேசாத பிள்ளைக்கு இத்தனை பொறுமை எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே ஆச்சரியம்.

தொடக்க உரை அவளுடையது. அவளுடைய ஒரே நாவலுக்காகக் கொடுத்த இடம் அது. அந்த நாவல் எப்படி வந்தது என்பதை அவள் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறாள், பாதியை மறைத்து. மறைத்த பாதி இதுதான்: தம்பி இருபது வயதில் வீட்டைவிட்டுப் போனான். எப்போதாவது ஒரு புது எண்ணிலிருந்து "நல்லா இருக்கேன்" என்பான். திரும்ப அழைத்தால் வேறு யாரோ எடுப்பார்கள். அவன் போன அதே வாரத்தில், போவதற்கு முந்திய நாள், ஆள் பார்க்காத நேரத்தில் அப்பா மாடிப்படியில் தவறி விழுந்தார். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, பேச்சும் போயிற்று. படுக்கையிலேயே கிடந்து போய்ச் சேர்ந்தார். எல்லாம் முடிந்து வெகுநாள் கழித்து ஒரு சாயங்காலம் தம்பி ஒரு பையோடு வாசலில் வந்து நின்றான். அம்மா தட்டை வைத்துச் சோறு போட்டாள். ஏன் போனாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. வந்து சேர்ந்ததே பெரிது என்றிருந்தது.

அப்பா விழுந்தது ஒன்று, தம்பி போனது ஒன்று. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. எழுத உட்கார்ந்தபோது அவள் நடுவில் ஓர் 'அதனால்' போட்டாள். நாவலில், படியில் நின்று நடக்கும் சண்டையில் மகன் அப்பாவைத் தள்ளிவிடுகிறான்; அதனால் ஓடிப்போகிறான். அந்த இடத்தைப் படித்துவிட்டு அழுததாக முகம் தெரியாதவர்கள் எல்லாம் எழுதினார்கள். முதல் பிரதியைத் தம்பி கையில்தான் கொடுத்தாள். படித்துவிட்டு "நல்லாருக்குக்கா" என்றான். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

இன்றைய ஒத்திகையிலும் கணக்கு வாத்தியார் அவளை அறிமுகப்படுத்திப் பார்த்தபோது அந்த இடத்துக்குத்தான் வந்தார். "தள்ளினான், அதனால ஓடினான். ஒரே வரி. எவ்வளவு சுத்தம் பாருங்க" என்று சொல்லி, திரையில் ஓர் அம்புக்குறியும் போட்டுக் காட்டினார். எல்லோரும் தலையாட்டினார்கள். அவளும் சிரித்தாள்.

"அது அப்படி நடக்கலக்கா" என்றது இப்போது கறுப்புக் கட்டம்.

"எதுடா?"

"அப்பா விழுந்தது."

"எனக்குத் தெரியாதா? கதைதானே. நான்தானே எழுதினேன்."

"உனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது."

பிறகு அவன் மெதுவாகச் சொன்னான். புத்தகம் வந்த புதிதில் அம்மா அதை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, எழுத்தெழுத்தாக, பல நாள் படித்திருக்கிறாள். முடித்த அன்று அக்கா அச்சகத்தில் இருந்தாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா எதிரில் வந்து உட்கார்ந்து, அப்பாவ நெசமாவே தள்ளினியாப்பா என்று கேட்டிருக்கிறாள்.

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னேன்."

அந்தச் சொல் அவளுக்கு இரண்டு தடவை கேட்டது: ஒலிபெருக்கியில் ஒன்று, சுவர் வழியாக ஒன்று.

"ஏன்டா அப்படிச் சொன்ன?"

"இல்லன்னா, அப்ப ஏன் போனேன்னு கேப்பாங்க."

எழுந்து கூடத்துக்குப் போயிருக்கலாம். நான்கு எட்டு எடுத்து வைத்தால் அவன் முகத்தைப் பார்த்திருக்கலாம். அவள் எழுந்திருக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஏன்டா போன?"

கறுப்புக் கட்டத்தில் ஒரு மடிக்கணினியை மூடும் சத்தம் கேட்டது.

"இப்ப கேக்காதக்கா. இப்ப கேட்டா கூட்டத்துக்காகக் கேக்கிற மாதிரி இருக்கு."

அதோடு கூட்டம் முடிவுற்றது என்று திரை அறிவித்தது. கூடத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

அதன்பின் வந்த நாட்களில் அவள் அம்மாவையும் தம்பியையும் திருட்டுத்தனமாகக் கவனித்தாள். அவன் திரும்பிவந்த புதிதில் அம்மாவுக்கும் அவனுக்கும் பேச்சென்றால் "சாப்டியா" என்பதோடு சரி. இப்போதெல்லாம் அவன் வரும்வரை அம்மா சாப்பிடுவதில்லை. அவன் தலையை ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் படுக்கப் போகிறாள். கடைக்கு வரும் ஆட்களைப் போல அவன் நடித்துக் காட்டினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். தன் புத்தகம் அம்மாவின் மனதைக் கரைத்துவிட்டது என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவள்தான் அவள். கரைந்தது எதனால் என்று இப்போது தெரிந்தபோது சோறு இறங்கவில்லை.

ஒரு மாலை, கொடியிலிருந்து எடுத்துவந்த துணிகளை அம்மா கட்டிலில் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். இவளும் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு தலையணை உறையை எடுத்து மடித்தாள். புத்தகத்தில் வருவதெல்லாம் தான் இட்டுக்கட்டியது என்றும், அப்பா தானாகத்தான் விழுந்தார் என்றும், சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தாள்.

"அவனே ஒத்துக்கிட்டான்" என்றாள் அம்மா, தலையை நிமிர்த்தாமல்.

"அவன் சும்மா சொல்லியிருக்கான்மா."

அம்மா கையிலிருந்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். அது தம்பியுடைய சட்டை.

"அவன் போன நாள்லேருந்து, நான் என்ன சொன்னேன், என்ன செஞ்சேன்னு யோசிச்சு யோசிச்சே பாதி உசுரு போச்சு எனக்கு. என்னாலதான் போனான்னு நெனச்சிட்டிருந்தேன். உன் புத்தகத்தப் படிச்சப்புறம்தான் தூக்கம்னு ஒண்ணு வந்துச்சு. அவன மன்னிச்சிட்டேன். என்னையும் விட்டுட்டேன். இப்ப வந்து இல்லங்காதடி."

அவள் மடித்த உறையைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்தாள். அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான் இன்னொன்று உறைத்தது. தம்பி 'ஆமா' என்றது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள என்று நினைத்திருந்தாளே, அது அம்மாவைக் காப்பாற்றவாக இருந்தால்? அவன் போனது நிஜமாகவே அம்மாவால் என்றால்? அல்லது, எழுதுகிறேன் பேர்வழி என்று ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவன் முகத்தை ஏறிட்டுப் பார்க்காத தன்னால் என்றால்? நாவலில் இப்படி ஒரு சந்தேகம் வந்திருந்தால் ஒரு வரியில் தீர்த்திருப்பாள்.

தொடக்க உரையை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று கணக்கு வாத்தியாரிடம் கேட்டாள். போஸ்டர் கடல் கடந்து போய்விட்டதாகவும், பாதிப்பேர் அந்த நாவலுக்காகவே பெயர் கொடுத்திருப்பதாகவும் அவர் சொன்னார். "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றாள். கூட்டத்துக்கு முந்தைய பதற்றம் எல்லோருக்கும் வருவதுதான் என்று அவரே ஒரு காரணத்தையும் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டுக் கைபேசியை வைத்தார்.

கருத்தரங்கு நாளன்று காலையிலேயே பெயர்கள் வந்து குவிய ஆரம்பித்தன. தம்பி கூடத்திலிருந்து ஒவ்வொருவராக உள்ளே விட்டுக்கொண்டிருந்தான். அம்மா அடுக்களையில் தன் கைபேசியைச் சுவரில் சாய்த்துவைத்து, மகள் பேசுவதைக் கேட்பதற்காகவே வேலையைச் சீக்கிரம் முடித்திருந்தாள். அவள் பேசினாள். காரணம் என்பது கதைக்கு எலும்பு என்று குறிப்பில் எழுதியிருந்ததைத் தாண்டிப் போனாள். படிக்கட்டுப் பக்கம் போகாமலே உரையை முடித்தாள். கைதட்டும் சின்னங்கள் திரையில் மேலெழுந்து மறைந்தன. தப்பித்தேன் என்று நினைத்தபோது கணக்கு வாத்தியார் கேள்வி நேரம் என்றார்.

எங்கோ வேறொரு நாட்டில், தோளில் தூங்கும் குழந்தையோடு ஒரு பெண் பேசினாள். குழந்தை விழித்துவிடக் கூடாதென்று தாழ்ந்த குரலில்.

"மேடம், அந்தப் பையன் போனதுக்கு அந்தத் தள்ளல்தான் காரணம்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது? தெரிஞ்சுதான் எழுதினீங்களா, இல்ல நீங்களா வச்சதா? எங்க வீட்லயும் ஒருத்தன் போயிட்டான். எங்கம்மா உங்க புத்தகத்தப் படிச்சிட்டு, நம்ம வீட்லயும் இப்படி ஏதாவது நடந்துச்சான்னு தினம் கேக்கிறாங்க. அதான்."

கணக்கு வாத்தியார் தொண்டையைச் செருமினார். திரை முழுக்க முகங்கள் அவளைப் பார்த்தன. அடுக்களையில் அம்மாவின் கைபேசியிலிருந்து அந்தப் பெண்ணின் கேள்வி சில நொடி பிந்தி, இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதான், என்று அங்கேயும் முடிந்தது.

இந்தப் பெண்ணிடம் பொய் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

"அந்தக் காரணம் வந்து, நான்" என்று ஆரம்பித்தாள்.

அடுத்த சொற்களைச் சொன்னாள். ஆனால் கணக்கு வாத்தியார் காதோரம் கையை வைத்துக் காட்டினார். "அம்மா, உங்க குரல் வரல. மைக் பாருங்க." பார்த்தாள். ஒலிவாங்கிச் சின்னத்தின் மேல் சிவப்புக் கோடு விழுந்திருந்தது. நிர்வாகம் உங்கள் ஒலியை நிறுத்தியிருக்கிறது என்று கீழே பொடி எழுத்தில் வந்து மறைந்தது. அவளே திரும்பத் திறந்துகொள்ளலாம், ஒரு பொத்தான்தான். விரலைக் கொண்டுபோனாள்.

கூடத்தில் நாற்காலி நகர்ந்தது. காலடிகள் வந்து நின்றன. மூடிய கதவுக்கும் தரைக்கும் நடுவே நீளமாக விழுந்திருந்த வெளிச்சக் கோட்டை இரண்டு பாதங்களின் நிழல் மறித்தது. அவன் தட்டவில்லை. அவள் விரலை எடுக்கவுமில்லை, அமுக்கவுமில்லை. திரையில் அந்தப் பெண் குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, கண் கொட்டாமல் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.