கூடு காலியானதும் கல்யாணம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம் முழுக்க, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இராமலிங்கத்துக்குத் தலை கிறுகிறுத்துக்கொண்டே இருந்தது. காரணம், வாசல் மல்லிகைக் கொடியில் கூடு கட்டிய ஒரு கொண்டைக்குருவி.

மகள் புஷ்பவல்லிக்கு வைகாசியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை கார்த்திகேசு கிள்ளானில் துணிக்கடை வைத்திருப்பவர். நாற்பது வயது, மனைவியை இழந்தவர். பந்தல்கால் நட வேண்டுமானால் கொடியை வெட்டியாக வேண்டும்.

"அப்பா, கூட்டுல முட்டை இருக்கு" என்றாள் புஷ்பவல்லி.

இராமலிங்கம் பதறிப்போனார். கூட்டைக் கலைத்த பாவம் பெண் தலையில் விழுவதா? கப்பலேறி இந்த நாட்டுக்கு வருமுன் தஞ்சாவூர்ப் பக்கம் பார்த்து வளர்ந்த கணக்குப்படி, இந்த முட்டை பொரிந்து குஞ்சு பறந்தால் முட்டைக் காலம் முடிந்துவிடும். கல்யாணத்தை ஆனிக்குத் தள்ளிவைத்தார்.

ஆனியில் குஞ்சு பறந்தது. அடுத்த வாரமே மறுபடி முட்டை! ஆவணியிலும் முட்டை. ஐப்பசி மழையிலும் அந்தச் சனியன் நனைந்துகொண்டே அடைகாத்தது. இது என்னடா கூத்து? ரயில் பட்டறையில் ஒருவர் மழை விட்டால் நிறுத்தும் என்றார். இன்னொருவர் மழை வந்தால்தான் நிறுத்தும் என்றார். மலாய்த் தோட்டக்காரர் பாக் மாட் சிரித்தார்.

"இங்க அதுக்கு ஏது மாசம்? பழம் கெடைச்சா கட்டும்லா."

மாசமே இல்லாத ஊரா! இராமலிங்கத்துக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான்.

தை பிறந்ததும் கார்த்திகேசு ஆள் அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை பந்தல் போட வேண்டும், இல்லையென்றால் சம்பந்தமே வேண்டாமாம். வந்தவனை வாசலில் நிறுத்திவிட்டு, இராமலிங்கம் அரிவாளோடு கொடியருகே போனார். கூட்டில் மூன்று சிவந்த வாய்கள் திறந்தன. கொடியடியில் நறுக்கிய பப்பாளித் துண்டுகள் கிடந்தன. பக்கத்தில் புஷ்பவல்லி தட்டோடு நின்றாள்.

"நீயா தீனி போடுறே?"

"ஆமாப்பா. நான் இங்கயே பொறந்தவ. அதுங்க வருஷம் பூரா முட்டை போடும்னு எனக்குத் தெரியும்."

"அடிப்பாவி, அப்புறம் ஏன் சொல்லலே? ஊரையெல்லாம் கேட்டு அலைஞ்சேனே!"

"குருவியைப் பத்தி ஊரையே கேட்டீங்க. கல்யாணத்தைப் பத்தி என்னை ஒரு வார்த்தை கேக்கலையே." அவள் தட்டைக் கீழே வைத்தாள். "அந்த மனுஷனை எனக்குப் பிடிக்கலைப்பா."

இராமலிங்கம் அரிவாளைத் தாழ்த்தினார். முட்டைக்குப் பார்த்த பாவத்தை மகளுக்குப் பார்க்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

வாசலில் நின்றவன் பொறுமையிழந்தான். "என்ன அண்ணே, பந்தல் உண்டா இல்லையா?"

"கூட்டுல குஞ்சு இருக்கு தம்பி."

"அது எப்பத்தான் பறக்கும்?"

"இது பறந்தா அடுத்தது வைக்கும். உங்க முதலாளியை வேற இடம் பாத்துக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, இராமலிங்கம் அரிவாளை உள்ளே கொண்டுபோய் வைத்தார்.