ஒளிஞ்சு குடிச்ச தண்ணி

என் வீட்டுக்காரரு பிளம்பர். ஊர்ல பாதி வீட்டுக்குத் தண்ணி வர வச்ச மனுஷன். அவருக்கே இப்ப தண்ணி ஆகாது. ரெண்டு கிட்னியும் கைவிரிச்சிடுச்சு. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் மிஷின்ல ரத்தத்தைச் சுத்தம் பண்ணிட்டு வர்றாரு. மத்தபடி வீடே கதி. குடிச்ச தண்ணி வெளிய போக வழியில்ல, உடம்புலயே தேங்கி மூச்சு முட்டும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அதனால ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில்தான். மாத்திரை, டீ, தொண்டை நனைக்கிறது எல்லாம் அதுக்குள்ள அடங்கணும்.

அந்தப் பாட்டிலுக்கு நான்தான் போலீஸ்.

"ஒரே ஒரு வாய்."

"முடியாது."

"சரி, அரை வாய்?"

"என்னங்க இது, கத்திரிக்காய் வாங்குற மாதிரி பேரம் பேசறீங்க?"

"உன் கையில தர்மம் வாங்கிட முடியுமா? எச்சில் கையால காக்கா ஓட்ட மாட்டியே நீ!"

நானும் சிரிப்பேன். சிரிச்சிட்டு அடுப்படிக்குள்ள போய் முந்தானையில கண்ணைத் துடைச்சுக்குவேன்.

முன்னெல்லாம் வேலைவிட்டு வந்ததும் பையைக் கீழ வைக்கக்கூட மாட்டாரு. வாசல்லயே நின்னு சொம்பை அண்ணாந்து ஒரே மூச்சா குடிப்பாரு, பாதி சட்டையில வழியும். "மாடு கெட்டுது போங்க"ன்னு திட்டுவேன். அப்படித் திட்டின என் வாயைக் கழுவணும். அப்புறம் ரெண்டு பேரும் பெரிய டம்ளர் நிறைய டீயோட உக்காருவோம். எந்த வீட்ல மாமியாரும் மருமகளும் பேசிக்கறதில்ல, எந்த வீட்டுக்காரன் கூலி கேட்டா குளிக்கப் போயிடறான்னு கதை கதையாச் சொல்லுவாரு. ஊர்வம்பு அவ்வளவும் எங்க வீட்டு டீயில கரையும். அந்த நேரத்துக்குத்தான் எனக்கு இப்பவும் ஏங்குது. மனுஷன் வீட்லயேதான் இருக்காரு, ஆனா அந்த நேரம் மட்டும் இல்ல.

நோவு வந்த புதுசுல ஒருநாள், வெயில்ல கடைக்குப் போயிட்டு வந்து அவர் எதிர்லயே ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டேன். கண்ணை எடுக்காம டம்ளரையே பாத்தாரு. மிட்டாய்க்கடை வாசல்ல நிக்கிற பிள்ளை மாதிரி இருந்துச்சு அந்த முகம். எனக்கு உள்ள போன தண்ணி உள்ளயே எரிஞ்சுச்சு.

அன்னைலேர்ந்து ஒளிஞ்சுதான் குடிக்கிறது. அடுப்படிக் குழாயைச் சத்தம் வராம நூலாத் திறந்து, முதுகைக் காட்டிக்கிட்டு அவசரமா ரெண்டு மடக்கு. அவரு இருமினா டம்ளரை முந்தானைக்குள்ள மறைச்சுக்குவேன். சொந்த வீட்ல திருடி! போகப்போக அதுவும் குறைஞ்சு போச்சு. அவருக்கு இல்லாத தண்ணி எனக்கு மட்டும் என்ன வேண்டிக்கிடக்குன்னு ஒரு வீம்பு. அறிவுகெட்ட வீம்பு, வேற என்ன சொல்றது?

உடம்பு விடுமா? ஒண்ணுக்குப் போனா எரிச்சல், ராத்திரியானா காய்ச்சல். போன வாரம் பாத்திரம் கழுவிட்டிருக்கும்போதே கண்ணு இருட்டி அப்படியே சரிஞ்சிட்டேன். கட்டிலை விட்டு எழுந்திருக்கவே ஆள் வேணும் அவருக்கு. அந்த மனுஷன் சுவத்தைப் புடிச்சுக்கிட்டு வாசல் வரைக்கும் போய், பக்கத்து வீட்டம்மாவைக் கத்திக் கூப்பிட்டிருக்காரு.

டாக்டரம்மா என்னைப் புடிச்சு நல்லா காய்ச்சிட்டாங்க. "தண்ணியே குடிக்கறதில்லையா நீங்க? அவர் கிட்னியை நான் பாக்கறேன், உங்களதையும் கெடுத்துக்கிட்டு வந்து நிக்காதீங்க"ன்னாங்க. மக போன்ல அழுதுட்டா. "அம்மா, இன்னொரு தடவை விழுந்தேன்னா அப்பாவை நான் இங்க கூட்டிட்டு வந்திடுவேன். உனக்கும் முடியாம அவரையும் எப்படிப் பாப்ப?"ன்னு கேட்டா. மூணு புள்ளைங்களோட ரெண்டே ரூம்ல இருக்கறவ. அங்க அவருக்கே ஒரு கட்டில் போடத்தான் இடம் இருக்கும். அவரு அங்க, நான் இங்கன்னு ஆயிடும்.

அன்னைக்குச் சாயங்காலம் பக்கத்துல கூப்பிட்டாரு.

"எதனால மயக்கம் வந்துச்சு?"

"வெயில்தான், வேற என்ன."

"யார்கிட்ட காது குத்தறே? அந்தக் குழாயை மாட்டினதே நான்தான்டி. நூலாத் திறந்தா சுவத்துக்குள்ள பைப்பு முனகும். முன்னெல்லாம் அடிக்கடி முனகும். அப்புறம் எப்பவாவது. இப்பல்லாம் முனகறதே இல்ல. இப்ப குடிப்பா, இப்ப குடிப்பான்னு காதைத் தீட்டிக்கிட்டுக் கெடந்தேன்."

எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "தெரிஞ்சும் கல்லுப்புள்ளையார் மாதிரி கெடந்தீங்களாக்கும்! வாயில என்ன கொழுக்கட்டையா?"

"கேட்டுட்டா அந்த ரெண்டு மடக்கையும் விட்டுடுவியோன்னு பயந்தேன்."

கோவம் எங்க போச்சுன்னே தெரியல.

"போய் சொம்பு நிறைய கொண்டா. இங்க உக்காந்து குடி."

"மாட்டேன். உங்க முன்னாடி எப்படிங்க இறங்கும்?"

"தாகம் எனக்குப் பழகிடுச்சு. என்னைக் கண்டதும் நீ டம்ளரை ஒளிக்கிற பாரு, அது பழக மாட்டேங்குது. உன்கூட உக்காந்து குடிக்கணும்னு ஏக்கமா இருக்குடி. நீ குடி. நான் கூட உக்காந்திருக்கேன்."

சொம்பைக் கொண்டுவந்து அவர் எதிர்ல உக்காந்தேன். அவரும் பாட்டில்ல மிச்சம் இருந்ததைக் கையில எடுத்துக்கிட்டாரு. நான் ஒரு மடக்கு குடிச்சேன். அவரு உதட்டை மட்டும் நனைச்சுக்கிட்டாரு. ஆனா நான் முழுங்கறப்பல்லாம் அவர் தொண்டையும் ஏறி ஏறி இறங்குது. அதைப் பாத்ததும் அழுகை முட்டிக்கிட்டு வந்து எனக்குப் புரையேறிடுச்சு.

எட்டி என் உச்சந்தலையில தட்டினாரு. "பாத்துடி, பாத்து. யாரோ உன்னை நினைக்கிறாங்க."

"என்னை நினைக்க வேற யாரு இருக்கா? இருக்கறது ஒரே ஆளு, அவரும் எதிர்லயே உக்காந்திருக்காரு."

தலையில வச்ச கையை எடுக்கல.

"எதிர்ல இருந்துகிட்டேதான்டி இத்தனை நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன்"னாரு. "குடி. சொம்புல இன்னும் இருக்கு."