பெட்டி தொட்ட கை

1978, அக்டோபர் 31, செவ்வாய்.

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். வேலிக்கு உள்ளே நின்றுகொண்டு, ஹெஸ்ரன் காதுபட, "அப்பா செத்துப்போயிட்டார்" என்று சொல்லிவிட்டேன். சாவைப் பற்றிய பேச்சை அந்த வேலிக்குள் கொண்டுபோகக் கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாரமே அதைச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கும் சொன்னார்கள். தெரிந்தும் வாய் முந்திக்கொண்டது. சிறு தவறு என்று எழுதுகிறேன். சிறியதுதானா என்று தெரியவில்லை.

லாசல் நாட்குறிப்பில் எழுதியது அவ்வளவுதான். அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்த பிறகு நடந்ததை அவன் எழுதவில்லை.

ஹெஸ்ரன் கோடரியை மரத்துண்டில் ஓங்கிக் கொத்தி நிறுத்திவிட்டுத் திரும்பினான். பேரரசரைக் கடவுளாகக் கும்பிட்டு, முடி வெட்டாமல் சடை வளர்க்கும் கூட்டத்தாரின் மலைக் கூடாரம் அது; அதன் வாசலும் நெருப்பும் அவன் பொறுப்பு. சடை இடுப்பைத் தாண்டித் தொங்கும். லாசல் மலையேறி வரத் தொடங்கி நான்கு மாதம் ஆகிறது. பகலில் மரவாடியில் வேலை, மாலையில் மொராண்ட் பே ஊரில் கணக்கு வகுப்பு, மிச்ச நேரம் இங்கே தண்ணீர் சுமப்பது, விறகு பிளப்பது. இந்த நான்கு மாதத்தில் ஹெஸ்ரன் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஒன்று "பள்ளிக்கூடம்" என்பான், கோபம் வந்தால் "ஓநாய்" என்பான். முடியை வளர்த்துக்கொண்டு உள்ளே வந்து, போலீசுக்குச் சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கு அங்கே அந்தப் பெயர்.

"என்னடா சொன்னே?"

"மன்னிச்சுக்குங்க பிரதர். வாய் தவறி..."

"தவறுற வாயை வீட்டுல வெச்சுட்டு வரணும். நாளன்னைக்குப் பேரரசர் முடிசூட்டின நாள். ஏழு நாள் அணையாம எரியப்போற நெருப்புக்கு விறகு பொளந்துட்டு இருக்கோம். நீ பொணத்தைத் தூக்கிட்டு வந்து நடுவுல போடறே."

லாசல் தலையைக் குனிந்துகொண்டான். முடிசூட்டு நாளில்தான் அவனை ஏற்றுக்கொள்வதாக இருந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். நெருப்புக்கு முன்னால் போய் நின்று விரதம் சொல்ல வேண்டும்: தலையில் கத்தி படாது, வாயில் மாமிசம் படாது, கையில் சாவு படாது. அதற்குப் பிறகு அவன் புதுசு இல்லை. மேளத்துக்குப் பக்கத்தில் உட்காரலாம். அதற்காக அவன் வேலையில் திட்டு வாங்கினான், வகுப்பில் கடைசிப் பெஞ்சுக்குப் போனான், வீட்டை விட்டும் வந்தான். வீட்டை விட்டு வந்தான் என்பதைவிடத் துரத்தப்பட்டான் என்பதே சரி. தலை சீவுவதை நிறுத்திய மாதம், ஒரு காலையில் அப்பா அவன் தட்டில் சோற்றுக்குப் பதில் சீப்பை வைத்தார். "இதைத் தின்னு," என்றார். அதுதான் கடைசிப் பேச்சு. அவர் செத்த சேதி மரவாடியில்தான் அவன் காதுக்கு வந்தது.

அந்த அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கக் கூப்பிடத்தான் இப்போது அக்கா வெரோனா மலையேறி வந்திருந்தாள். கோயிலுக்குப் போடும் கறுப்புக் காலணி முழுக்கச் சிவப்புச் சேறு. வேலிக்கு வெளியே நின்று மூச்சு வாங்கினாள்.

"உள்ள வரமாட்டேன், பயப்படாதீங்க. என் தம்பியைக் கூப்பிடுங்க."

"இங்க யாருக்கும் யாரும் தம்பி இல்ல," என்றான் ஹெஸ்ரன்.

"அப்ப யாரோ ஒருத்தனைக் கூப்பிடுங்க. எங்கம்மா வயித்துல பொறந்தவன். எங்கப்பா மூக்கைத் தூக்கிட்டு வந்து உங்க கூட்டத்துல ஒளிச்சு வெச்சிருக்கான்."

லாசல் வேலியோரம் போனான். வெரோனா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நாளைக்கு மூணு மணிக்கு எடுக்கறோம். முன்னாடி இடது பக்கம் மகனோட இடம். சித்தப்பா அங்க வேற ஆளை விடமாட்டேன்னுட்டார். அஞ்சு பேராத் தூக்கிட்டுப் போவோம், அந்த இடம் காலியாவே வரட்டும், ஊரே பாக்கட்டும்னு சொல்றார்."

"அக்கா, நாளன்னைக்கு எனக்கு..."

"உனக்கு என்ன வேணா இருக்கட்டும். உனக்காக நான் வரலை. அந்த ஓட்டையைப் பாத்துக்கிட்டே பெட்டி பின்னாடி நடக்க என்னால முடியாது. அதுக்கு வந்தேன்."

ஹெஸ்ரன் பின்னாலிருந்து சிரித்தான். "போம்மா போ. உயிரோட இருக்கும்போது சோறு போடாதவருக்கு இப்பத் தோள் வேணுமாம்."

"நீ வாயை மூடு. உன் அப்பன் போனா உன் முடியைக் கயிறாத் திரிச்சுத்தான் பெட்டியை இறக்கணும்." அவள் திரும்பி இறங்கிப் போய்விட்டாள்.

சமையல் பொறுப்பில் இருந்த சிஸ்டர் அயோனி பச்சை வாழைக்காயைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். லாசல் அவளருகில் போய் உட்கார்ந்து, மனதுக்குள் ஒழுங்குபடுத்தி வைத்திருந்ததைக் கேட்டான்.

"சிஸ்டர், போய்ட்டு வந்தா எத்தனை நாள் தள்ளி இருக்கணும்? குளிச்சா போதுமா? தொடாம, தூர நின்னா?"

"இது உன் மாலைப் பள்ளிக்கூடம் இல்ல, கூட்டிக் கழிச்சுப் பாக்கறதுக்கு." அவள் நிமிரவில்லை. "எங்கம்மா போனப்ப நான் போகலை. சரியாத்தான் செஞ்சேன்." கத்தி சட்டியின் விளிம்பில் பட்டுச் சத்தம் கேட்டது. "போறதுன்னா போ. இல்லேன்னா இரு. திரும்பி வந்து எங்கிட்ட பொய் மட்டும் சொல்லாதே. வாழைக்காய் வேணும்னா எடுத்துக்கோ, இல்லேன்னா எழுந்திரு, வெளிச்சத்தை மறைக்கிறே."

மறுநாள் மதியம் அவன் இறங்கிப் போனான். போவதென்று எப்போது முடிவு செய்தான் என்று அவனைக் கேட்டால் சொல்லத் தெரியாது. வழி நெடுக, தூர நின்று பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றே நினைத்துக்கொண்டு நடந்தான். யார் கண்ணையும் உறுத்த வேண்டாம் என்று கம்பளிக் குல்லாயைக் காதுவரை இழுத்து விட்டிருந்தான்.

அதுவே வினையாயிற்று. பாப்டிஸ்ட் கோயில் வாசலில் கூட்டம் நின்றிருந்தது. சித்தப்பா யூஸ்டஸ் அந்தக் கோயிலின் நிர்வாகம் பார்க்கும் டீக்கன். மகனுக்குரிய இடத்துக்கு வேறு யாரும் வராமல் பார்த்துக்கொள்வதற்கென்றே நிற்பவர்போலப் பெட்டியின் தலைமாட்டில் நின்றார். லாசலைக் கண்டதும் குரல் உயர்ந்தது.

"அட, சிங்கம் வந்துட்டுது! ஏம்ப்பா, கர்த்தர் வீட்டு வாசல்ல குல்லா போட்டுக்கிட்டு நிக்கறே? உங்க ராஜா வீட்டுல அப்படித்தானா?"

மலைக் கூடாரத்திலும் ஆண்கள் தலையை மூடிக்கொண்டு கும்பிடுவதில்லை என்று லாசல் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் குல்லாயைக் கழற்றினான்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். மார்புவரை தொங்கும் சடையை எதிர்பார்த்திருந்தார்கள். அவன் தலையில் இருந்ததெல்லாம் விரல் நீளம்கூட இல்லாத முடிச்சுகள், அடுப்பில் காய்ந்த மிளகுபோல.

"இவ்வளவுதானா? இதுக்கா வீட்டை விட்டுப் போனான்?"

"ரெண்டு வருஷம் விட்டா ஒரு துடைப்பத்துக்கு ஆகும்."

லாசலுக்குக் காது எரிந்தது. நடுத்தெருவில் துணியை அவிழ்த்த மாதிரி இருந்தது. சித்தப்பா கையை உயர்த்திச் சிரிப்பை அடக்கினார். அதை முழுக்க ருசித்துவிட்டுத்தான் அடக்கினார்.

"அந்தத் தெருவுல நாவிதர் கடை திறந்துதான் இருக்கு. போய் வழிச்சுட்டு வா. அப்புறம் எங்கண்ணன் பெட்டியில கை வை."

வெரோனா முன்னால் வந்தாள். "மழை இருட்டிட்டு வருது சித்தப்பா. வழிக்கறதுக்கெல்லாம் நேரமில்ல. பாஸ்டர் கடிகாரத்தைப் பாக்கறார். தூக்குங்க."

தூக்கினார்கள். முன்னால் இடது பக்கம் காலியாக இருந்தது. கோயில் படி இறங்கும்போது பெட்டி அந்தப் பக்கம் ஒருமுறை சாய்ந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, பின்னால் இருந்தவன் பிடித்துக்கொள்ளக்கூடிய சாய்வுதான். லாசல் அதைப் பார்த்தான். சும்மா நின்றிருக்கலாம். நிற்கவில்லை. உள்ளே புகுந்து தோளைக் கொடுத்தான்.

மரம் கழுத்தில் அழுத்தியது. அப்பா இவ்வளவு கனமா என்று முதலில் தோன்றியது. எதிர்ப் பக்கத்தில், ஒரு முழ தூரத்தில், சித்தப்பாவின் முகம். கல்லறைத் தோட்டம்வரை அவர் பாட்டோடு பாட்டாகத் திட்டிக்கொண்டே வந்தார்.

"காலைப் பாத்து வை, மூதேவி. சாகடிச்சது போதாதா, கீழ வேற போடணுமா?"

"அப்பாவை நான் சாகடிக்கல."

"நீ போன பிறகு அவர் சாப்பிட்ட சாப்பாடு எனக்குத் தெரியும்."

அது உண்மையா, குத்துவதற்காகச் சொன்னதா என்று லாசலுக்குத் தெரியவில்லை. அவன் ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்தான்.

குழிமேல் சிமெண்டு மூடி வைத்து, பாட்டு முடிந்து, தோட்டத்து வாசலில் ஆட்டுக்கறிச் சூப்பும் ரம்மும் இறங்கின. சித்தப்பா அவனிடம் வந்தார். "வந்த வேலை முடிஞ்சுது. உனக்கு இங்க ஒண்ணும் இல்ல. நீதான் கறி திங்க மாட்டியே." வெரோனா தூரத்திலிருந்து பார்த்தாள். கையை அசைக்கவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. அவன் மலைப்பக்கம் நடந்தான்.

ஏறும்போது மூன்று பதில்களை யோசித்து வைத்தான். போகவே இல்லை என்பது ஒன்று. போனேன், தூர நின்றேன் என்பது இன்னொன்று. கூடாரத்து ஆட்கள் யாரும் அங்கே வரமாட்டார்கள், வந்திருக்கவும் முடியாது. இரண்டில் எதைச் சொன்னாலும் நாளைக்கு நெருப்பு முன்னால் நின்றுவிடலாம். மூன்றாவது உண்மை; அதைச் சொன்னால் நிற்க முடியாது. வாசல் தெரிகிறவரை இரண்டாவதைத்தான் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தான்.

பொழுது சாயும் நேரம். ஹெஸ்ரன் வாசலில் மூங்கிலைக் குறுக்கே போட்டுவிட்டு அதன்மேல் கையூன்றி நின்றான்.

"தொட்டியா?"

"தூக்கினேன்," என்றான் லாசல்.

ஹெஸ்ரன் இதை எதிர்பார்க்கவில்லை. பொய்யைப் பிடிக்கத் தயாராக நின்றவன் ஒரு நொடி தடுமாறினான். பிறகு அதற்கும் சேர்த்து விளாசினான்.

"தோள்லயா? முடியெல்லாம் உரச? விரதக்காரன் கிட்டத்துல சாவு நடந்தா தலையை வழிச்சுட்டு மொதல்லேர்ந்து தொடங்கணும்னு வேதத்துலயே இருக்கு. போ, மொட்டை போட்டுட்டு வா."

உள்ளேயிருந்து அயோனி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "இந்த வேலிக்குள்ள தலையில கத்தி வெக்கறதைப் பத்திப் பேசின மொதல் ஆள் நீதான் ஹெஸ்ரன்."

"நான் பேசல. வேதம் பேசுது."

"அது விரதம் எடுத்தவனுக்கு. இவன் இன்னும் எடுக்கவே இல்லையே. எடுக்காத விரதம் எப்படிக் கெடும்?"

ஹெஸ்ரன் யோசித்தான். யோசிக்க யோசிக்க அவன் முகம் தெளிந்தது. "அதுவும் சரிதான். விரதம் இல்லாதவன் நம்ம ஆளும் இல்ல. மொட்டை வேண்டாம். வெளியவே நிக்கட்டும். நாளைக்கு அவன் பேரைக் கூப்பிட மாட்டோம்."

அயோனி வாயைத் திறந்து மூடினாள். தன் வாதமே திரும்பி வந்து அவனை வெளியே தள்ளிவிட்டது அவளுக்குப் புரிந்தது. லாசலைப் பார்த்தாள். "பொய் சொல்லலை நீ," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் போனாள். எத்தனை நாள் வெளியே என்று கேட்க அவனுக்கு நாக்குத் துடித்தது. கேட்கவில்லை.

"வழிக்க மாட்டேன்," என்றான். "நீங்க சொன்னாலும் மாட்டேன். எங்க சித்தப்பாவும் இதையேதான் சொன்னார். உங்க ரெண்டு பேரையும் ஒரே பெஞ்சுல உக்கார வைக்கலாம், நல்லாப் பேசிக்குவீங்க."

ஹெஸ்ரனின் முகம் கறுத்தது. விறகுக் குவியலுக்குப் போனான். ஓரத்தில் அடுக்கியிருந்ததை இரண்டு கையாலும் அள்ளி, வேலிக்கு மேலாகச் சாலையில் வீசினான்.

"அது நேத்து நான் பொளந்தது!" லாசல் கத்தினான். "நேத்து என் கை சுத்தமாத்தான் இருந்துது!"

"இன்னிக்கு இல்லையே."

கட்டை கட்டையாக விழுந்துகொண்டே இருந்தது. ஒன்று அவன் காலடியில் வந்து மோதியது. உள்ளே யாரோ நாளைக்காக மேளத்தின் தோலைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விறகு தீரும்வரை லாசல் நகரவில்லை. கடைசிக் கட்டை விழுந்ததும் ஹெஸ்ரன் மூங்கிலைக் கயிறால் கட்டிவிட்டுப் போய்விட்டான். லாசல் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, வெளிச்சம் போவதற்குள் எழுதினான்.

நவம்பர் 1, புதன். அப்பாவைத் தூக்கினேன். கேட்டார்கள், சொன்னேன். சரியா தவறா என்று இன்று எழுத முடியவில்லை.

நாளை: விடிந்ததும் ஆற்றில் குளிக்க வேண்டும், சட்டையைத் துவைக்க வேண்டும். சாலையில் கிடக்கும் விறகை மழை படாத இடத்தில் அடுக்க வேண்டும். மேளம் தொடங்கும்போது வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும்.