காலுறைக்குள் மாலாடு

எனக்குப் பயம் வந்தால் கோபமும் கூடவே வரும். 1974 ஆகஸ்டில், பிரெஞ்சு பேசும் வில்லரே பேட்டையில், எங்கள் வீட்டில் எந்தப் பாத்திரத்தையும் நான் மெதுவாக வைக்கவில்லை.

என் கணவர் ஆனந்தகிருஷ்ணன் வடதுருவப் பக்கம் கடலோரப் பாறைகளில் பறவை எண்ணப் போயிருந்தார். அந்தப் பறவைக்கு மர் என்று பெயர். நிற்கும்போது பென்குயின்தான், ஆனால் பறக்கும். கூடு கட்டாமல் வெறும் பாறை விளிம்பில் லட்சக்கணக்கில் கூடி முட்டையிடும். எண்ண, இவரோடு சேர்த்து மூன்றே பேர்.

கிளம்பும் முன் படித்துப் படித்துச் சொன்னார். தூங்கும் கூடாரத்தில் துளி தீனிகூட இருக்கக்கூடாது, பனிக்கரடி மோப்பம் பிடித்து வந்துவிடும். நான் கேட்டேனா? வெளியூர் போகிறவரை வெறுங்கையோடு அனுப்பி எனக்குப் பழக்கமில்லை. பெட்டியின் அடியில், கம்பளிக் காலுறைக்குள், நெய் மணக்கும் பன்னிரண்டு மாலாடுகளை ஒளித்து வைத்தேன். குளிர் கூடிக் காலுறையைத் தேடும்போது பார்க்கட்டும் என்று.

தினமும் மாலை ஆறு மணிக்கு மாடிவீட்டு த்ரம்ப்ளே இருபக்கமும் பேசக்கூடிய தன் ரேடியோவில் அவரைப் பிடித்துத் தருவார். திங்களன்று, "கரடி ஒண்ணு சுத்துது" என்றார் என் கணவர். எனக்குக் காலுறை மாலாடு நினைவுக்கு வந்தது. சொன்னால் திட்டுவாரே என்று, "ஜாக்கிரதையா இருங்க, ஓவர்" என்று முடித்துவிட்டேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

செவ்வாயும் புதனும் ரேடியோவில் வெறும் இரைச்சல். நான் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. என் கையாலேயே அவரைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

வியாழக்கிழமை குரல் வந்தது.

"காத்துல ஏரியல் விழுந்துடுச்சு. நேத்து கரடி என் கூடாரத்தைக் கிழிச்சு, பெட்டியை இழுத்துட்டுப் போயிடுச்சு. குஞ்சுங்க கடல்ல குதிக்கிற நேரம்னு மூணு பேரும் பாறை ஓரத்துல இருந்தோம். அதனால பிழைச்சோம். சாப்பாட்டுப் பொறுப்பு எங்க மூணு பேர்ல ழாக்கோடது. எதையோ சிந்தியிருக்கான், கேட்டா இல்லேங்கறான். நாளைக்கு விமானத்துல திருப்பி அனுப்பறேன். இனிமே எந்த முகாமுக்கும் இவன் லாயக்கில்லைன்னு எழுதியும் கொடுக்கப்போறேன். ஓவர்."

த்ரம்ப்ளே மைக்கை என்னிடம் நீட்டினார். வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கரடி வந்து சாட்சி சொல்லாது.

"ழாக்கைப் பக்கத்துல வரச் சொல்லுங்க" என்றேன். ழாக்குக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்தில், மாலாடு என்றால் என்ன, எத்தனை, எங்கே வைத்தது, யார் வைத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். "ஓவர்" என்று பொத்தானை விட்டேன்.

பறவைகளின் கூச்சல் கேட்டது. அதற்கு நடுவே ழாக்கின் குரல்தான் முதலில் வந்தது, பிரெஞ்சில் நன்றி சொல்லி.

"மெர்சி, மதாம்."