மூன்றாவது வரிசையில் மிட்டாய்க் காகிதம்

அப்பா புது வயர் வாங்கியதில் மகளுக்கு முதலில் ஒரு வருத்தமும் இல்லை. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ரிட்டயர் ஆனவர், மனைவி போன பிறகு தனியாக இருக்கிற மனுஷன். குடிக்கவில்லை, சீட்டாடவில்லை. பாட்டுப் பெட்டிக்கு ஒரு வயர் வாங்கினால் என்ன குடியா முழுகிவிடும் என்றுதான் அவளும் நினைத்தாள்.

வயரைக் கொடுத்தவர் அப்பாவின் பள்ளிக்கூட சிநேகிதர். ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் விற்கிற கடை வைத்திருப்பதால் எல்லோருக்கும் அவர் சவுண்டுக்காரர். பொய் சொல்லத் தெரியாத வியாபாரி. அதனாலேயே பாதி நாள் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். துக்கம் விசாரிக்க வந்து, பிறகு அடிக்கடி வர ஆரம்பித்தவர், ஒரு நாள் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

“டேய், இது காலிங் பெல்லுக்குப் போடற வயர்டா. இதுல போயா பாட்டுக் கேக்கறே?”

“இத்தனை வருஷமா பாட்டு வந்துட்டுதானே இருக்கு?”

“வருது. கூட்ட நெரிசல்ல பஸ்ஸை விட்டு இறங்கற மாதிரி வருது. சட்டை கசங்கி, செருப்பு ஒண்ணு காணாம.”

அடுத்த முறை வரும்போது கையோடு கொண்டுவந்தார். கட்டைவிரல் பருமனில் செம்பு வயர், மேலே கறுப்பு நூலில் பின்னிய உறை, நுனியில் பளபளவென்று பித்தளை முனை. மாட்டி முடித்துவிட்டு, “ரொம்ப எதிர்பார்க்காதே. வயர் எதையும் புதுசா சேர்க்காது. உள்ள இருக்கறதுக்கு வழி விடும், அவ்வளவுதான்” என்றார். வேறு எந்தக் கடைக்காரனாவது இப்படிச் சொல்வானா? இந்த மனுஷன் சொன்னார்.

அப்பா போட்டது ஒரே ஒரு டிஸ்க். பல வருஷங்களுக்கு முன்னால் அப்பாவும் அம்மாவும் ஒரு கச்சேரிக்குப் போனார்கள். வயலினும் பியானோவும். அரங்கத்திலேயே பதிவு செய்து, பிறகு டிஸ்க்காகப் போட்டு விற்றார்கள். மூன்றாவது வரிசையில் தாங்கள் உட்கார்ந்து கேட்டது என்பதற்காகவே அப்பா அதை வாங்கினார். “நாம கைதட்டினதை நாமளே காசு குடுத்து வாங்கற கூத்து வேற எங்கேயும் நடக்காது” என்று அம்மா அதற்கு நாள் பூரா சிரித்தாள்.

புது வயரில் அந்தக் கச்சேரி வேறாக இருந்தது. அதுவரை வயலினும் பியானோவும் ஒரே பாயில் படுத்த மாதிரி நடுவில் கிடந்தன. இப்போது வயலின்காரர் இடப்பக்கம் எழுந்து நின்றார். வில்லைத் திருப்புமுன் அவர் மூச்சு இழுப்பது கேட்டது. பியானோவின் பெடல் மிதிபடும் ஒவ்வொரு முறையும் லேசாக முனகியது. அதற்கெல்லாம் பின்னால், முன்பு வெறும் இரைச்சலாக இருந்த இடத்தில், ஒரு கூடம் திறந்துகொண்டது. நாற்காலிகள், ஒரு இருமல், கீழே விழுந்த ஏதோ ஒரு குடை. அப்பா ஃபோன் செய்து ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் குரலில் பழைய தெம்பைக் கேட்டு மகளுக்கு மனசு நிறைந்துவிட்டது.

கொஞ்ச நாள் கழித்து இன்னொரு ஃபோன்.

“உங்கம்மா இருக்காம்மா.”

“எங்கப்பா?”

“டிஸ்க்ல. மூணாவது வரிசைல. மெதுவா வாசிக்கற இடத்துல மிட்டாய்க் காகிதத்தைப் பிரிக்கறா. அன்னிக்கே திட்டினேன், எல்லாரும் திரும்பிப் பார்க்கறாங்கன்னு. அப்படியே பதிவாயிருக்கு பாரேன்!”

மகளுக்கு அதை நம்ப முடியவில்லை. அவள் பார்க்கிற வேலை அப்படி. பெரிய மருத்துவமனை ஒன்றின் காது பிரிவில், பஞ்சு வைத்துத் தைத்த சுவர்களுக்குள் ஆட்களை உட்கார வைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, ‘சத்தம் கேட்டதும் அழுத்துங்க’ என்று சொல்லும் வேலை. அப்பாவையும் அவளே அப்படி உட்கார வைத்துப் பார்த்திருக்கிறாள். தடித்த சத்தங்கள் அவருக்குக் கேட்கும். மெல்லிய, கூர்மையான சத்தங்கள் போயே போய்விட்டன. லிஃப்ட் கூண்டுகளின் மோட்டாருக்குப் பக்கத்தில் ஆயுசு பூரா நின்ற காது அது. குருவிச் சத்தம் கேட்காது. காகிதம் கசங்குவது அவருக்குத் தலைகீழாக நின்றாலும் கேட்காது. வயரைத் தங்கத்தில் செய்து மாட்டினாலும் கேட்காது.

கேட்காததைக் கேட்கிறவர்களை அவளுக்குத் தெரியும். அந்த அறையில் நடுநடுவே அவள் எந்தச் சத்தமும் அனுப்பாமல் சும்மா இருப்பாள். அப்போதும் சிலர் பொத்தானை அழுத்துவார்கள். அவர்கள் பொய்க்காரர்கள் இல்லை. கேட்க வேண்டும் என்ற ஆசையில் கேட்டுவிடுகிறது, பாவம். அவர்களிடம் அதை எடுத்துச் சொல்லிக் குத்திக்காட்டுவது அவள் வழக்கமில்லை. அப்பாவிடமும் சொல்லாமல் விட்டிருப்பாள்.

விட முடியாதபடி ஆகிவிட்டது. மிட்டாய்க் காகிதம் போய், தொண்டையைச் செருமுவது வந்தது. பிறகு அம்மா பக்கத்தில் யாரிடமோ குசுகுசுவென்று பேசுகிறாளாம். என்ன பேசுகிறாள் என்று பிடிபடவில்லையாம். அதைப் பிடிக்க அப்பா காலையில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. சவுண்டுக்காரர் வந்து கதவைத் தட்டினால் திறப்பதில்லை. ஒரு நாள் பால் காய வைத்த பாத்திரம் தீய்ந்து, வீடு பூரா புகை. பக்கத்து வீட்டுக்காரர் பின்கதவை உடைத்துக்கொண்டு வந்தபோது, அந்தப் புகைக்கு நடுவில் அப்பா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் மகளுக்கு அப்பாவும் இல்லை.

“என்னோட வந்துடுங்கப்பா. ரூம் தயாரா இருக்கு. பாட்டுப் பெட்டியையும் எடுத்துக்கலாம்.”

“அங்க வெச்சா அவ வழி தெரியாம நிப்பாம்மா.”

கெஞ்சினாள், மிரட்டினாள், கணவனை விட்டுப் பேசச் சொன்னாள். அப்பா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஊரில் இருக்கிற அப்பாக்களெல்லாம் அரசியல், சர்க்கரை என்று பேசிக்கொண்டிருக்க, தனக்கு மட்டும் ஏன் இப்படி ஒருவர் வாய்த்தார் என்று அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. கடைசியில், தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினாள்.

ஒரு சனிக்கிழமை காலை, அவள் அங்கே வந்திருந்தபோது, அப்பா முடிவெட்டப் போனார். அவர் தெருமுனை திரும்பியதும் அவள் திரைகளை இழுத்துவிட்டாள். அலமாரிக்குப் பின்னால் ஊர்ந்து போய்ப் புது வயரைக் கழற்றினாள். காலுறை மாதிரி அந்தக் கறுப்பு உறையை உருவி, பழைய காலிங் பெல் வயரை அதற்குள் நுழைத்து, கூடவே துணி சுற்றிப் பருமன் சேர்த்து, பழையபடி மாட்டினாள். எழுந்திருக்கும்போது அலமாரியின் முனையில் தலை நங்கென்று இடித்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. செம்பு வயரைத் தன் பைக்குள் போட்டு மூடினாள்.

அப்பா பிடரியைத் தடவிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். அவள் டிஸ்க்கைப் போட்டாள். அவளுக்கே வித்தியாசம் தெரிந்தது. கூடம் சுருங்கி, வயலினும் பியானோவும் மறுபடி ஒரே பாயில் வந்து படுத்துக்கொண்டன. சவுண்டுக்காரர் ஏமாற்றவில்லை, அந்த மட்டும் சந்தோஷம். ஆனால் மெதுவாக வாசிக்கிற இடம் வந்ததும் அப்பா விரலை உயர்த்தினார்.

“இதோ, காகிதம்.”

பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிதான் கொடுமை. ‘இன்னொரு தடவை போடறேன்பா’ என்று சொல்லிவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் குமிழை எதுவுமே இணைக்காத பக்கம் திருப்பினாள். டிஸ்க் உள்ளே சுழன்றது. ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் இல்லை. அப்பா கண்ணை மூடியிருந்தார். சமையலறையில் ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது, வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள். அவள் காத்திருந்தாள்.

அப்பா முகம் மலர்ந்தது.

“இன்னிக்கு வாசிக்கறவங்க எழுந்து போயிட்டாங்க. நல்லதாப் போச்சு, இடைஞ்சல் இல்லை.”

அவளுக்கு பெற்ற அப்பாவைப் பொறியில் பிடித்துவிட்டோம் என்று இருந்தது. ஆனாலும் தீய்ந்த பாத்திரத்தை நினைத்துக்கொண்டு சொல்லிவிட்டாள்.

“அப்பா, டிஸ்க்கே கேக்கலைப்பா. நான் சத்தத்தை அணைச்சு வெச்சிருக்கேன்.”

“தெரியும்மா. வயரையும் மாத்திட்டே.”

“போற மாதிரி போயிட்டு எட்டிப் பார்த்தீங்களா?”

“நான் எதுக்குப் பார்க்கணும்? அவதான் சொல்றா. அலமாரில நல்லா இடிச்சுக்கிட்டியாமே. வீங்கறதுக்குள்ள ஐஸ் வைக்கச் சொல்றா.”

அவள் கை தானாக உச்சந்தலைக்குப் போனது. முடிக்குள் ஒரு புடைப்பு சூடாக இருந்தது. திரை மூடியிருந்ததை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

“அப்ப இந்த வயர்...”

“வழி தெரியற வரைக்கும்தான் வயர். அப்புறம் எதுக்கு?” அப்பா சாதாரணமாகச் சொன்னார், பஸ் மாறுவதைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது பொறாமை. அம்மா போன அன்று மகள் அந்தப் பஞ்சுச் சுவர் அறைக்குள் வேலையில் இருந்தாள். உள்ளே ஃபோன் கொண்டுபோகக் கூடாது. வெளியே வந்து பார்த்தபோது அம்மாவிடமிருந்து அழைப்பு மேல் அழைப்பாக இருந்தது. அவள் திரும்பக் கூப்பிட்டபோது எடுத்தது ஒரு நர்ஸ். என்ன சொல்வதற்காக அம்மா அத்தனை தடவை கூப்பிட்டாள் என்று தெரியாமல் அவள் எத்தனையோ முறை பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறாள். கனவில்கூட அம்மா வந்ததில்லை. இந்த மனுஷனிடம் மட்டும் மிட்டாய்க் காகிதத்திலிருந்து தலைக் காயம் வரை பேசுகிறாளாம்!

“எனக்கு மட்டும் ஏன்பா ஒண்ணும் கேக்கலை?” என்று குழந்தை மாதிரி விசும்பிவிட்டாள்.

அப்பா எழுந்து, அவள் கையைப் பிடித்துத் தன் நாற்காலியில் உட்கார வைத்தார்.

“கண்ணை மூடிக்கோ. கேக்கணும்னு கேக்காதே. சும்மா இரு.”

சும்மா இருந்தாள். ஃப்ரிட்ஜின் உறுமல் நின்றது. தெருவும் ஓய்ந்தது. தன் காதுக்குள் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்டது. அது வெறும் ரத்தம்தான், அவளுக்குத் தெரியும். அதுவும் மெல்ல அடங்கியது. பிறகு, ஸ்பீக்கர் இருக்கிற திசையிலிருந்து இல்லை, வலது தோளுக்குப் பக்கத்திலிருந்து, அவசரமே இல்லாத ஒரு குரல் கூப்பிட்டது.

“எலிக்குஞ்சு.”

குறைமாதத்தில் உள்ளங்கை அளவில் பிறந்தவளுக்கு அம்மா வைத்த பெயர். அம்மாவைத் தவிர யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அம்மாவும் நாலு பேர் முன்னால் கூப்பிட மாட்டாள். உடம்பு பூரா சிலிர்த்துப் போய்க் கண்ணைத் திறந்தாள். அப்பா எதிரில் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேட்டுச்சா?”

அவள் தலையை ஆட்டினாள்.

“அப்பாடா!” என்று அப்பா பெருமூச்சு விட்டார். ஷிஃப்ட் முடிந்து சாவியை அடுத்த ஆளிடம் கொடுத்த மாதிரி தோளைத் தளர்த்தினார். “அவளுக்கு உன்கிட்டதாம்மா பேசணும். என்னை நச்சரிச்சுட்டே இருந்தா. அவளைத் தனியா விட்டுட்டு எப்படி வர்றதுன்னுதான் நான் உக்காந்திருந்தேன்.”

உள்ளே போய்ப் பீரோவைத் திறந்தார். துணி எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. விசில் அடித்தார். கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்தார், ஜன்னல்களைத் தாழிட்டார். எல்லாம் பழைய அப்பா. இத்தனை நாள் அவள் எதற்காகக் கெஞ்சிக் கூத்தாடினாளோ, அது பெட்டியும் கையுமாக, ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றது.

“கிளம்பலாமாம்மா? மாப்பிள்ளை சாப்பிடாமக் காத்திட்டிருப்பார்.”

அவள் எழுந்திருக்கத்தான் நினைத்தாள். கைப்பிடியில் ஊன்றிய கை அப்படியே நின்றது. கண்ணை மறுபடி மூடிக்கொண்டு, சத்தம் போடாதீர்கள் என்பதுபோல அப்பா நின்ற பக்கம் கையை அசைத்தாள்.

“நீங்க முன்னால போங்கப்பா. அம்மா இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்கா.”